கெமிக்கல் எஞ்சினீயரிங் எடுத்தால் சிப் கனவு போய்விடுமா?

வணக்கம் அம்மா. கவுன்சிலிங்கில் இ.சி.இ. நழுவி, பெண்ணுக்கு கெமிக்கல் கிடைத்துவிட்டது, "சிப் துறை இனி அவ்வளவுதானா" என்று கேட்டிருந்தீர்கள். அழ வேண்டிய விஷயமே இல்லை. சிப் செய்யும் ஆலைக்கு அவளுடைய பிரிவு நல்ல வழிதான்.

சிப் என்றால் நாம் இரண்டு வேலைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். கணினியில் மின்சுற்றை வரைவது டிசைன். அதை வேஃபர் என்னும் மெல்லிய சிலிக்கான் தகட்டில் ஏற்றுவது ஃபேப்ரிகேஷன்; அது நடக்கும் ஆலைதான் ஃபேப். ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் காமகோடி குழு வடிவமைத்த சக்தி செயலியையே பாருங்கள். 2018இல் ஒரு சிப் அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரில் தயாரானது, இன்னொன்று பஞ்சாபின் மொஹாலியில் 180 நானோமீட்டரில். வரைந்தது சென்னை, அடுப்பு வேறு ஊர்.

அந்த அடுப்படியில் நடப்பதில் பெரும்பகுதி வேதியியல். வேஃபரை அமிலத்தில் கழுவுவார்கள், ஆயிரம் டிகிரி அளவில் உலையில் வைத்து ஆக்சைடு வளர்ப்பார்கள், ஒளி பட்டால் மாறும் பூச்சைத் தடவி சுற்றின் வடிவம் பதித்த மாஸ்க் வழியே புற ஊதா ஒளி காட்டுவார்கள், வேண்டாததை பிளாஸ்மா என்னும் மின்னேற்ற வாயுவால் அரித்தெடுப்பார்கள். நவீன சிப்புக்கு இப்படி நூற்றுக்கணக்கான படிகள். இன்டெலைத் தொடங்கிய இருவரில் ஒருவரான கோர்டன் மூர் வேதியியலில் பிஎச்.டி. அதை நடத்திய ஆண்டி குரோவ் கெமிக்கல் எஞ்சினீயர்.

சரி, மேற்படிப்புக்கு எங்கே போவது? கல்லூரிப் பெயருக்கு முன்னால் பேராசிரியரைப் பாருங்கள். அவருடைய மாணவர்கள் கையால் வேஃபரைத் தொடுகிறார்களா, இல்லை கணினி சிமுலேஷனோடு சரியா என்பதை அவரது அண்மைக் கட்டுரைகளே சொல்லிவிடும். இரண்டும் நல்ல வேலைதான், ஆனால் ஃபேப் ஆசைக்கு முதலாவதுதான் ஆகும்.

ஒருமுறை சில மாணவர்களை சிப் வேலை நடக்கும் ஒரு கிளீன் ரூமுக்கு அழைத்துப் போனேன். முகத்தில் பவுடரோடு வந்த பையனை அங்கிருந்த பேராசிரியர் வாசலிலேயே நிறுத்தி, முகம் கழுவிவரச் சொன்னார். தூசி அங்கே எதிரி. உள்ளே எல்லாம் மஞ்சள் விளக்கு. நீல ஒளி பட்டால் பூச்சு கெட்டுவிடுமாம். கருவி எதையும் காட்டுமுன் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தைப் பற்றித்தான் முக்கால் மணி நேரம் பேசினார். பார்க்கத் தண்ணீர் போலிருக்கும், பட்ட உடனே வலிகூடத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் எலும்பு வரை போகும். அதற்கான கால்சியம் குளுக்கோனேட் களிம்பு எந்த அலமாரியில் என்று ஒவ்வொருவரையும் தொட்டுக் காட்டச் சொன்னார். இப்படிப்பட்ட ஆசிரியரிடம் பிள்ளையை நம்பி விடலாம்.

பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி., ஐஐடி பம்பாய் போன்ற இடங்களின் நானோ ஃபேப் மையங்களில் வெளிக் கல்லூரிக்காரர்களுக்கும் பயிற்சித் திட்டம் உண்டு. இரண்டாம் ஆண்டிலேயே ஒரு பேராசிரியருக்கு மெயில் எழுதச் சொல்லுங்கள். பயோடேட்டா மட்டும் அனுப்பினால் பதில் வராது. அவர் கட்டுரை ஒன்றைப் படித்து, புரியாத ஒரு இடத்தைக் கேட்கட்டும்.

வேலை வீட்டுப் பக்கத்தில் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். 2024இல் ஒப்புதல் பெற்ற டாடா ஆலை குஜராத்தின் தொலேராவில். ஃபேப் இரவு பகலாக ஓடும், ஷிப்டும் உண்டு. தலை முதல் கால் வரை மூடிய உடையில், குடிக்கத் தண்ணீர்கூட உள்ளே கொண்டுபோகாமல், மணிக்கணக்கில் நிற்கச் சம்மதமா என்று முதலில் அவளிடம் கேளுங்கள்.