அரையும் காலும் முக்கால்

கேள்வி: காரைக்குடிக்கு அருகில் வசிக்கிறோம். 11 வயது மகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித் தருகிறேன். கதையையும் வரலாற்றையும் ஒருமுறை கேட்டாலே திருப்பிச் சொல்லிவிடுவாள். கணக்கு விதிகள் மட்டும் மனத்தில் நிற்பதில்லை. திங்களன்று சரியாகச் செய்த பின்னக் கூட்டலை வியாழனன்று ½ + ⅓ = 2/5 என்று எழுதுகிறாள். ‘மைனசும் மைனசும் பிளஸ்’ என்று சொல்லிக்கொண்டே −3, −4 இரண்டையும் கூட்டி 7 என்கிறாள். எனக்குக் கோபம் வருகிறது, அவள் அழுகிறாள். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, கதையை நினைவில் வைத்துக்கொள்ளும் குழந்தைக்கு ஞாபகசக்தி குறைவு என்று சொல்ல முடியாது. கதையில் ஒன்றன்பின் ஒன்றாகக் காரணம் இருக்கிறது. அவள் கற்ற விதிகளில் அது இல்லை என்பதே என் எண்ணம். ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு விரைவாக மறந்துபோகின்றன என்பதை அளந்து 1885-இல் வெளியிட்டார். காரணம் தெரியாத விதியும் குழந்தைக்கு அப்படிப்பட்ட அசைதான்.

பின்னத்தை நம் பேச்சிலிருந்தே தொடங்குங்கள். அரையும் காலும் சேர்ந்தால் முக்கால் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறோம். முக்கால் என்றால் மூன்று கால். அரையை இரண்டு காலாக மாற்றிய பிறகே அந்த மூன்று கிடைத்தது. பகுதியை, அதாவது பின்னத்தின் கீழ் எண்ணை, சமமாக்குவது என்று புத்தகம் சொல்வது இதைத்தான். அரைக்கால் என்பதோ கூட்டல் அன்று, காலில் பாதி, அதாவது ½ × ¼ = ⅛. கூட்டலும் பெருக்கலும் வேறு வேறு என்பதை இந்த இரண்டு சொற்களே காட்டிவிடுகின்றன.

பிறகு, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இருந்தால், இரண்டு வரிசையில் மும்மூன்றாக ஆறு கற்களைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு போடச் சொல்லுங்கள். அதில் பாதி மூன்று கல், மூன்றில் ஒரு பங்கு இரண்டு கல், இரண்டும் சேர்ந்தால் ஆறில் ஐந்து. கல் இல்லாவிட்டால் மடித்த காகிதம் போதும்.

குறிகளுக்குக் கணக்கேட்டின் பற்றுவரவு இருக்கிறது. 3 ரூபாய்க் கடனோடு 4 ரூபாய்க் கடன் சேர்ந்தால் 7 ரூபாய்க் கடன், ஆகவே −7. நான்கு ரூபாய்க் கடன்கள் மூன்றை ஒருவர் தள்ளுபடி செய்தால் நம் நிலை 12 ரூபாய் உயர்கிறது, அதாவது (−3) × (−4) = 12. அவள் சொல்லும் ‘மைனசும் மைனசும் பிளஸ்’ இப்படிப்பட்ட பெருக்கலுக்கு உரியது, கூட்டலுக்கு அன்று.

புரிந்த விதியும் தானாக நிலைப்பதில்லை. நோட்டை மூடிவைத்துவிட்டு அவளையே சொல்லவும் செய்து காட்டவும் விடுங்கள். மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்து, ஒவ்வொரு முறையும் நான்கைந்து கணக்குகள் போதும். ஒரே நாளில் முப்பது கணக்குகள் போடுவதைவிட இப்படி இடைவெளி விட்டு நினைவுகூர்வதே நிலைக்கும். கூட்டலையும் பெருக்கலையும் கலந்து கொடுங்கள், எந்த விதி எங்கே என்று அவளே தேர்ந்தெடுக்கப் பழக வேண்டும். வாய்ப்பாடு தடுமாறினால் அட்டையைப் பார்க்க அனுமதியுங்கள், அதில் தவறில்லை. சிறிய எண்களில் எது பெரிது என்பதே பல மாதங்களாகக் குழப்பமாக இருந்தால் மட்டும் கற்றல் குறைபாடுகளை அறிந்த உளவியலாளரிடம் காட்டுங்கள்.

அழத் தொடங்கினால் அன்றைய கணக்கை அங்கேயே நிறுத்திவிடுங்கள். மீண்டும் ஒரு வியாழனன்று 2/5 என்று எழுதினால் விதியைச் சொல்லாதீர்கள். “அரையோடு மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்தோமே, 2/5 அரையைவிடப் பெரிதா, சிறிதா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, அவள் யோசித்து முடிக்கும்வரை காத்திருங்கள்.