கேள்விக் கொத்து: சில்லறை மல்லர்கள்

சென்ற இதழில் "ரி.வியில் வராத ரெஸ்லர்மாரும் இருக்கிறார்களா?" என்று கேட்ட வாசகர் ஒருவருக்கு, இருக்கிறார்கள், வெளிநாட்டுச் சிற்றூர் மண்டபங்களில் சனி இரவு நூறு பேருக்கு முன்னால் அடிபட்டுவிட்டுத் திங்கள் காலை வழக்கமான வேலைக்குப் போவார்கள் என்று இரண்டு வரியில் பதில் போட்டேன். அவ்வளவுதான். உரமானியம் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியபோது ஒரு தபாலட்டைகூட வரவில்லை, இதற்குக் குவிந்திருக்கிறது. சரி, சனம் கேட்பதற்குத்தானே பதில் சொல்ல வேண்டும்.

அண்ணை, ஓ.எல். எழுதிப்போட்டு நிக்கிற என்ரை மகன் ரெஸ்லராப் போகப் போறானாம். மரக்கறிக் கடையில மூட்டை தூக்கச் சொன்னால் தோள் நோகுதாம். உந்தத் தொழிலில உழைப்பு எப்பிடி?
— ஒரு தாய், மல்லாவி

அக்கா, நீங்கள் ரி.வியில் பார்ப்பது டபிள்யூ.டபிள்யூ.ஈ. போன்ற பெரிய கொம்பனி. அதில் ஒப்பந்தம் கிடைத்தவன் வீடு வளவு வாங்கலாம். கிடைக்காதவர்களை அங்கே 'இண்டி' ஆட்கள் என்பார்கள், அதாவது ஒரு கொம்பனிக்கும் சொந்தமில்லாமல், கூப்பிட்ட ஊருக்குப் போய், காட்டிய ஆளிடம் அடிவாங்கி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருகிறவர்கள். அவர்களின் சம்பளம் 'ஒரு ஹொட் டோக், ஒரு கைகுலுக்கல்' என்று தொழிலுக்குள்ளேயே ஒரு பழைய பகிடி உண்டு. கொஞ்சம் பெயர் எடுத்தவனுக்குப் பெற்றோல் காசும் சேரும். அந்தப் பெற்றோலையும் மிச்சம் பிடிக்க நாலு தடியன்கள் ஒரு சின்னக் காரில் முழங்கால் நாடியில் முட்ட இரவிரவாக ஓடுவார்கள்.

போய் இறங்கினாலும் உடனே சண்டை இல்லை. லொறியில் வந்த இரும்பையும் பலகையையும் இறக்கி மேடை பூட்ட வேண்டும், அது புதிய பெடியங்களின் வேலை. இடைவேளையில் மண்டப மூலையில் மேசை போட்டுத் தன் படம் அடித்த ரீசேட் விற்க வேண்டும். சற்றுமுன் சனத்தைப் பார்த்துத் தூஷணம் சொன்ன வில்லன், வியர்வைகூடத் துடைக்காமல் அதே சனத்திடம் "மீடியம் வேணுமா, லார்ஜா?" என்று கேட்பதை வேறு எந்தத் தொழிலில் காணலாம், சொல்லுங்கோ. முடிந்ததும் மேடையைக் கழற்றி ஏற்றுவதும் அவர்கள்தான். பயிற்சிப் பள்ளிக்குக் காசு கட்டித்தான் இவ்வளவையும் படிக்கிறார்கள் என்பது இன்னொரு கூத்து.

மேலே வந்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். பிரையன் டானியல்சன், சி.எம். பங்க், ஏ.ஜே. ஸ்ரைல்ஸ் எல்லோரும் சின்ன மண்டபங்களில் வருடக்கணக்காக உருண்டவர்கள். மிக் ஃபோலி கல்லூரியில் படித்துக்கொண்டே வார இறுதிகளில் பென்சில்வேனியாவில் இருந்த பயிற்சிப் பள்ளிக்குக் கார் ஓட்டிப் போய், இரவில் அந்தக் காருக்குள்ளேயே படுத்தார். மேடைப் பலகை மரக்கறி மூட்டையை விடப் பாரம் என்று மகனுக்குச் சொல்லிப் பாருங்கோ. அப்புறமும் போகிறேன் என்றால் எழும்பி வந்து கடையில் நிற்பான், பயிற்சி என்று.

உது முழுப் பொய்யெண்டு உலகத்துக்கே தெரியும். வெண்டது தோத்தது எல்லாம் முதலே பேசிவைக்கிறது. உதைப் போய் ஒரு விசயமெண்டு எழுதுறீரே?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், முள்ளியவளை

ஐயா, கூத்துக்குப் பேர்போன ஊரில் இருந்து இந்தக் கேள்வி வருகிறதே! காத்தவராயன் கழுவில் ஏறும்போது விடியப்புறத்துக் குளிரில் பாயில் இருக்கும் கிழவிகள் மூக்கைச் சிந்துகிறார்கள். ஏறுகிறவன் சந்தியில் சைக்கிள் ரியூப் ஒட்டுகிற பெடியன் என்பது அவர்களுக்குத் தெரியாதா? தெரியும், போன கிழமை அவனிடம் காற்றடித்தவர்கள்தான். கதை எப்படி முடியும் என்பதும் பாட்டன் காலத்தில் இருந்தே தெரியும். "உது பொய்!" என்று எழும்பிக் கத்தினால் அண்ணாவியார் வரத் தேவையில்லை, கிழவிகளே பார்த்துக்கொள்வார்கள்.

யார் வெல்வது என்று முதலே முடிவு செய்கிறார்கள் என்பதில் இப்போது இரகசியம் ஒன்றும் கிடையாது. 1989 இல், அப்போது டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்று பெயர் இருந்த அந்தக் கொம்பனியே நியூஜேர்சி மாநில செனற்றுக்கு, இது போட்டி இல்லை, கேளிக்கை என்று ஒப்புக்கொடுத்தது. மானம் ரோசம் பார்க்கவில்லை. போட்டி என்றால் அரசின் விளையாட்டு ஆணையம் மேற்பார்வைக்கு வரும், வரியும் வரும். கேளிக்கை என்றால் இரண்டும் குறையும்.

அதற்கு முன்னர் இரகசியம் காத்த விதம் தனிப் பகிடி. வில்லனும் நாயகனும் ஒன்றாகத் தேத்தண்ணி குடிப்பதைக்கூடச் சனம் காணக்கூடாது. 1987 இல் மேடையில் பரம எதிரிகளான அயன் ஷேக்கும் ஜிம் டகனும் ஒரே காரில் போகும்போது நியூஜேர்சியில் பொலிஸ் மறித்துக் கைது செய்தது. கொம்பனிக்குக் கைதை விடப் பெரிய தலையிடி, இரண்டு எதிரிகளும் எப்படி ஒரே காரில் என்ற கேள்விதான். இருவருக்கும் வேலை போனது.

எனக்கு வயது 12. தம்பிக்கு 9. அவனுக்கு ரூம்ஸ்ரோன் அடிக்கலாமா? கீழே இரண்டு தலையணை போடுவேன்.
— மாணவன், கிளிநொச்சி

கூடாது. மூன்று தலையணை போட்டாலும் கூடாது. தலைகீழாகப் பிடித்துக் குத்துகிற அந்த வகை அடியில் 1997 ஆம் ஆண்டு ஸ்ரோன் கோல்ட் ஒஸ்ரின் என்ற பெயர்பெற்ற ரெஸ்லர் கழுத்தில் படுகாயப்பட்டார். அடித்தவர் ஓவன் ஹார்ட், மல்யுத்தக் குடும்பத்தில் பிறந்து அதிலேயே வளர்ந்தவர். அவருக்கே பிசகியது. தம்பியோடு கரம் விளையாடும்.

விழேக்க நோகுமா நோகாதா? அந்தக் கதிரை அடி உண்மையா? எங்கட வீட்டில பெரிய வழக்குப் போகுது, தீர்ப்புச் சொல்லுங்கோ.
— இரு சகோதரர்கள், புதுக்குடியிருப்பு

நோகும். தீர்ப்பு முடிந்தது, இனி விளக்கம்.

மேடை மெத்தை மாதிரித் தெரியும். அடியில் இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, பலகையின்மேல் ஒரு மெல்லிய நுரைப்பாய், அதை மூடி இழுத்துக் கட்டிய கன்வஸ். சில்லறைக் குழுக்களின் மேடையில் அந்த நுரைப்பாயும் பழசாகித் தட்டையாகி, பலகையின் பொருத்து எங்கே இருக்கிறது என்று முதுகே சொல்லும். அதனால் பயிற்சிப் பள்ளியில் முதலில் அடிக்கப் பழக்குவதில்லை, விழப் பழக்குகிறார்கள். நாடியை நெஞ்சோடு அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடரி பின்னால் போய்ப் பலகையில் மோதும். மூச்சை வெளியே விட வேண்டும். இடுப்பு முதலில் படக்கூடாது, முழங்கை ஊன்றவே கூடாது, முதுகின் மேல்பாகம் முழுவதும் ஒரே தரத்தில் சப்பென்று பட வேண்டும். அந்தக் கணமே இரண்டு கைகளையும் விரித்துப் பலகையில் ஓங்கி அறைய வேண்டும். பாரம் பரவிப் போகும், 'படார்' என்ற சத்தமும் கிடைக்கும். பின்னால் விழுகிற எவனும் இயல்பாகக் கையைத்தான் ஊன்றுவான். அந்த இயல்பை உடம்பில் இருந்து எடுப்பதற்கு அதே பலகையில் திரும்பத் திரும்ப விழுவதைத் தவிர வேறு வழி இல்லை. அன்றிரவு படுக்க முடியாது, காலையில் எழும்பவும் முடியாது.

முகத்தில் குத்தும்போது காலால் பலகையை உதைத்துச் சத்தம் காட்டுவது தந்திரம்தான். நெஞ்சில் திறந்த கையால் விடுகிற அறை தந்திரம் இல்லை, விரல் அடையாளம் சிவந்து தடித்து நிற்கும். கதிரை உண்மையான இரும்பு மடக்குக் கதிரை, தட்டையான பக்கத்தால் முதுகில் அடிப்பார்கள். சத்தம் பெரிது, நோ அதைவிடக் குறைவு, ஆனால் நோ இருக்கிறது. தலையில் அடிப்பதை டபிள்யூ.டபிள்யூ.ஈ. 2010 இல் தடைசெய்துவிட்டது. நீங்கள் வீட்டில் பிளாஸ்ரிக் கதிரையோடு பரீட்சை செய்ய வேண்டாம். அது உடைந்தால் கத்தி மாதிரிக் கிழிக்கும். வாடகைக்கு எடுத்த கதிரையாக இருந்தால் கடைக்காரர் வந்து தொடுப்பது மூன்றாவது சண்டை.

இந்தக் கூட்டத்துக்குள்ள ஒரு நல்ல மனுசன் இருக்கிறானா?
— ஒரு வாசகி, மடு

மடுவில் இருந்து கேட்கிறீர்கள், பாதர் ஒருவரையே தருகிறேன். மெக்சிக்கோவில் சேர்ஜியோ குத்தியேரெஸ் பெனீத்தெஸ் என்ற கத்தோலிக்கக் குருவானவர் ஓர் அநாதை இல்லம் நடத்தினார். பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுக்குக் காசு போதவில்லை. முகமூடி போட்டுக்கொண்டு 'ஃபிராய் தோர்மெந்தா', அதாவது சகோதரர் புயல், என்ற பெயரில் மேடை ஏறினார். இருபது வருடங்களுக்கு மேல் ஏறினார். அந்த நாட்டில் முகமூடிக்குள் யார் என்று யாரும் கேட்கக்கூடாது என்பது ஐதீகம் மாதிரி, ஆகையால் பகலில் பூசை, இரவில் உருட்டல் என்று கொஞ்சக்காலம் ஓடியிருக்கிறது. பெரிய பணக்காரனாகலாம் என்று நினைத்துத்தான் இறங்கினார். கிடைத்தது அரிசி பருப்புக்குச் சரி. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் இருக்கிறவர் நேற்று இரவு உங்கள் மச்சானின் கழுத்தைத் திருகியவர் என்றால், நீங்கள் பாவத்தைக் குறைத்துச் சொல்வீர்களா, கூட்டிச் சொல்வீர்களா?

நீங்கள் கேள்விப்பட்டதிலேயே விசர்த்தனமான சண்டை எது?
— பல்கலைக்கழக மாணவர், வவுனியா

2019 இல் நியூஜேர்சியில் நடந்தது. இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத வீரர்கள், 'இன்விசிபிள் மேன்' எதிர் 'இன்விசிபிள் ஸ்ரான்'. அதாவது மேடையில் ஒருவரும் இல்லை. நடுவர் மட்டும் நிற்கிறார், வெறும் வெளியைப் பார்த்து எச்சரிக்கிறார், குறுக்கே போய் அடிபட்டு உருள்கிறார். சனமும் ஒரு கண் இடம், ஒரு கண் வலம் என்று பார்த்து, விழுந்த இடத்தில் "ஆ!" என்கிறது. காசு கட்டி உள்ளே வந்த சனம். இரு வீரர்களுக்கும் சாப்பாட்டுச் செலவு இல்லை என்பதால் நடத்துநருக்கு இது ஒரு கனவுச் சண்டைதான்.

இரண்டாம் இடம் ஜப்பானுக்கு. டி.டி.டி. என்ற குழுவில் 2000 ஆம் ஆண்டில் இருந்து ஒரு பட்டம் ஓடுகிறது. எந்த நேரமும், எந்த இடத்திலும், யாரும் அதைப் பறிக்கலாம். 'யாரும்' என்றதை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஓர் ஏணி அந்தப் பட்டத்தை வைத்திருந்திருக்கிறது. ஆள்மேல் ஏணி சாய்ந்தது, நடுவர் மூன்று எண்ணினார், முடிந்தது அலுவல். நம்மூர்ச் சங்கங்கள் சிலவற்றில் தலைவர் கதிரையை விடாமல் இருக்கிறார் என்று முறைப்படுகிறீர்கள், அங்கே ஏணியே தலைவர்.

பொம்பிளையள் உதுக்கு வருவினமா? சீலையோட ஏலுமா?
— ஒரு அம்மம்மா, மாங்குளம்

வருவார்கள் அம்மம்மா. பொலிவியா நாட்டில் எல் ஆல்டோ என்ற மலைநகரத்துப் பெண்கள், அடுக்கடுக்கான அகலப் பாவாடையும் இரட்டைப் பின்னலுமாக அப்படியே மேடை ஏறிப் பாய்கிறார்கள். பின்னலைப் பிடித்து இழுப்பதும் உண்டு. சீலை கொஞ்சம் கஷ்டம், முந்தானை கயிற்றில் மாட்டும்.

புதுவருட விளையாட்டு விழாவில் வழுக்கு மரம், தலையணைச் சண்டை, முட்டி உடைத்தல் எல்லாம் சனத்துக்கு அலுத்துவிட்டது. இந்த முறை ஒரு ரெஸ்லிங் வைக்க யோசனை. ஆட்கள் தயார். என்ன வேஷம் போடலாம்?
— விளையாட்டுக் கழகச் செயலாளர், துணுக்காய்

ஆட்கள் தயார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் தோற்பதற்குத் தயாராக எத்தனை பேர்? முதலில் அதை எண்ணுங்கோ. கயிறிழுத்தலில் தோற்ற அணி மூன்று வருடம் கதைக்காமல் இருக்கிற ஊர்கள் எனக்குத் தெரியும். மேடையில் ஒருவனை இருவர் போட்டு மொத்தினால், கூட்டத்தில் இருக்கும் அவனுடைய மாமன்மார் இதெல்லாம் பேசிவைத்தது என்று அறிவிப்பாளர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருப்பார்களா? இங்கிலாந்தில் சனிக்கிழமை மாலைகளில் ரி.வியில் ரெஸ்லிங் போன காலத்தில், முன்வரிசைக் கிழவிகள் கைப்பையால் வில்லன்மாரைச் சாத்துவார்கள். அவை வெறும் கைப்பைகள். எங்கள் அம்மாமாரிடம் இருப்பது குடை.

வில்லனுக்குத்தான் கெட்டிக்காரனைப் போட வேண்டும். சனத்தின் வெப்பத்தை ஏற்றி இறக்குவது, நாயகனைப் பெரிய ஆளாகக் காட்டுவது, தானே விழுவது எல்லாம் அவன் பாடு. நாயகன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாலே போதும்.

வேஷத்துக்குப் பெரிய கொம்பனியே சில்லறைத் தொழில்களைத்தான் பார்த்தது. தொண்ணூறுகளில் அவர்கள் ஒரு வரி உத்தியோகத்தரை ரையோடும் கைப்பெட்டியோடும் விட்டார்கள், குப்பை லொறிக்காரன் ஒருவனை விட்டார்கள், ஒரு பல் வைத்தியரையும் விட்டார்கள். அந்தப் பல் வைத்தியர் வேஷம் எடுபடவில்லை. அதே ஆள் முகமூடி போட்டு 'கேன்' ஆகிப் புகழ்பெற்று, 2018 இல் அமெரிக்காவில் ஒரு கவுண்டிக்கு, அதாவது மாவட்டம் மாதிரி ஒரு பிரிவுக்கு, மேயரானார். ஆகையால் முதல் வேஷம் பிழைத்தால் மனம் தளர வேண்டாம்.

வன்னிக்கு என்னுடைய தெரிவு இது. நடுவராக ஒரு விதானையார், கடிதத்தில் கையெழுத்து வைத்தபடி குனிந்தே இருப்பார், பின்னால் நடக்கும் ஒரு களவையும் காண மாட்டார். நாயகனாக யானைக்கு வெடி கொளுத்தி இரவிரவாக வயல் காத்த கமக்காரன், நித்திரைக் கண்ணோடு வரட்டும், சாரத்தை மடித்துக் கட்டட்டும். வில்லனாக நுண்கடன் வசூலிக்கிற தம்பி. மடிப்புக் குலையாத நீளக்கைச் சேட்டு, கக்கத்தில் கோவை, காதில் பேனை. மேடைக்கு வந்ததும் மைக்கை எடுத்து, "இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை, குழுத்தலைவி எங்க?" என்று ஒரு வசனம் சொன்னால் போதும், சனம் மேடைக்கு வந்துவிடும். அவன் அடிக்கத் தேவையில்லை, கோவையைத் திறந்து பெயர் வாசிக்கட்டும்.

இரண்டு விசயம் கவனிக்க வேண்டும். பலகைக்கு அடியில் வைக்கோலைத் தாராளமாகப் போடுங்கோ, விழப் பழகாத எவனையும் கயிற்றுக்கு மேலால் தூக்கி எறிய விடாதேயுங்கோ. மற்றது, வில்லன் தோற்றதும் பின்வேலிப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் ஸ்ரார்ட்டில் நிற்க வேண்டும். அது லீசிங்கில் எடுத்ததாக இருந்தால், இந்த மாதத் தவணை கட்டியாயிற்றா என்று முதலே கேட்டு வையுங்கோ.