அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெண் பிள்ளைகள் எல்லாம் லாக்ராஸ் மட்டையோடு திரிகிறார்களே, இதற்கு ஒரே ஒரு பயிற்சியாளர்தான் காரணம் என்பது உண்மையா?

நீங்கள் பால்டிமோர் பக்கம் புதிதாகக் குடிவந்திருப்பீர்கள், மகள் தானும் ஆட வேண்டும் என்று கேட்க ஆரம்பித்திருப்பாள். இல்லாவிட்டால் நம் ஆட்கள் யாருக்கும் இந்தக் கேள்வி தோன்றாது. லாக்ராஸ் என்றால், நுனியில் வலை கட்டிய நீள மட்டையால் பந்தைப் பிடித்து, எறிந்து கோல் போடும் அணி ஆட்டம். கேள்விக்குப் பதில், பாதி உண்மை என்பேன். தொடங்கி வைத்தவர் ஒருவர்தான், பரப்பியவர்கள் ஊர் பேர் தெரியாத டீச்சர்கள்.

தொடங்கியவர் ரோசபெல் சின்க்ளேர். ரஷ்யாவில் பிறந்து, ஸ்காட்லாந்தில் செயின்ட் லெனார்ட்ஸ் என்ற பெண்கள் பள்ளியில் படித்தவர். பெண்கள் லாக்ராஸுக்கு அந்தப் பள்ளிதான் தாய்வீடு. அதன் முதல் தலைமையாசிரியை லூயிசா லம்ஸ்டன் 1884-இல் மான்ட்ரியலில் பூர்வகுடி அணி ஒன்று ஆடியதைப் பார்த்து அசந்துபோனார், 1890-இல் பள்ளிப் பெண்கள் ஆடியே விட்டார்கள். அங்கே ஆடக் கற்ற சின்க்ளேர், 1926-இல் பால்டிமோரின் பிரின் மார் பள்ளியில் பெண்கள் அணியை அமைத்தார். அதற்கு முன்பும் அமெரிக்காவில் அங்கங்கே தலைகாட்டிய ஆட்டம்தான், ஆனால் வேர் பிடித்தது இங்கேதான். 1931-இல் நாடு தழுவிய பெண்கள் லாக்ராஸ் சங்கமே வந்துவிட்டது. சின்க்ளேரை அமெரிக்க லாக்ராஸ் புகழ் மன்றத்தில் சேர்த்தது 1992-இல். அங்கே இடம்பெற்ற முதல் பெண் அவர்தான். 1926 எங்கே, 1992 எங்கே!

"பணக்கார வீட்டுப் பெண்களின் தனியார் பள்ளிதானே" என்று யாராவது கமெண்டில் வருவார்கள். ஆமாம், அப்படித்தான். ஆட்டமே பூர்வகுடிகளுடையது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் அந்தம்மா செய்தது இல்லை என்று ஆகிவிடுமா? ஆண்கள் ஆட்டத்தில் உடம்போடு உடம்பு மோதலாம், பெண்கள் ஆட்டத்தில் கூடாது. இந்த வித்தியாசத்தை அவர் விட்டுக்கொடுக்காமல் காத்தார். அந்தக் காலத்துப் பெற்றோர் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அவரிடமும் அவருடைய தோழிகளிடமும் ஆடிய பெண்கள் தாங்களே பள்ளிகளில் விளையாட்டு டீச்சர்களானார்கள். ஆட்டம் பரவியது இந்த வழியில்தான். 1972-இல் டைட்டில் நைன் சட்டம் வந்து பெண்கள் விளையாட்டுக்கும் கல்லூரிகள் பணம் ஒதுக்க வேண்டிய கட்டாயம் வந்தபோது, இங்கே ஆடத் தெரிந்தவர்களும் சொல்லித்தரத் தெரிந்தவர்களும் தயாராக இருந்தார்கள். மேரிலாந்து பல்கலைக்கழகம் சிண்டி டிம்ச்சலின் பயிற்சியில் 1995 முதல் 2001 வரை ஒரு வருடம்கூட விடாமல் தேசியக் கோப்பையைத் தட்டிச் சென்றதை, இந்த முன்கதை தெரியாமல் அதிசயம் என்பார்கள்.

என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அப்படி ஓர் ஓய்வுபெற்ற டீச்சர்தான். கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், நடத்தும் பொழுதுபோக்கு அணி, சம்பளம் கிடையாது. இவர் பள்ளியில் ஆடிய நாளில் மட்டை மரத்தில் இருந்ததாம், உடை கட்டம்போட்ட பாவாடையாம். வந்ததும் கோல் அடிக்கவெல்லாம் விடமாட்டார். மட்டையை முகத்துக்குப் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்து, மணிக்கட்டால் உள்ளும் வெளியும் ஆட்டிக்கொண்டே ஓட வேண்டும், கிரேடில் என்பார்கள். பெண்கள் மட்டையில் வலை ஆழமே இருக்காது, கை ஒரு நொடி அசையாமல் நின்றால் பந்து புல்லில் கிடக்கும். என் மகளுக்கு நாள் முழுக்க புல்லில்தான் கிடந்தது. அந்தம்மா திட்டவும் இல்லை, "பரவாயில்லை கண்ணு" என்று கொஞ்சவும் இல்லை. மட்டையின் மேல்பக்கம் பிடித்திருந்த கையை இரண்டு விரல் அளவு கீழே இறக்கிவிட்டு, "இப்போ ஓடு" என்றார், அவ்வளவுதான். பந்து மட்டையிலேயே நின்றது. அதிலிருந்து எங்கள் கராஜ் சுவருக்கு நிம்மதி போயிற்று, சாயங்காலம் ஆனால் டப் டப் என்று பந்து.

இதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லிவிடுகிறேன். இங்கே நம்மவர்கள் நடத்தும் பொங்கல் விழா விளையாட்டுப் போட்டியில் பையன்களுக்குக் கிரிக்கெட், கபடி, பெண் பிள்ளைகளுக்கு இன்னமும் லெமன் ஸ்பூனும் கோலப்போட்டியும்தான். கேட்டால், "பொண்ணுங்க பேர் கொடுக்கறதில்ல அக்கா." மைதானமே கொடுக்காமல் பேர் எப்படி வரும்? இதே ஆட்கள்தான் என் மகளைப் பார்த்து, வெயிலில் கறுத்துவிட்டாளே என்று உச்சுக்கொட்டுகிறார்கள், அடுத்த மூச்சில், காலேஜ் சீட்டுக்காகத்தானே ஆட விடுகிறீர்கள் என்று கண்ணடிக்கிறார்கள். அவள் காலேஜ் அணிக்கு ஆடப்போவதில்லை, அந்த அளவுக்கு வேகம் கிடையாது. ஆசைக்கு ஆடுகிறாள். எல்லோரையும் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நல்லவர்களும் இருக்கிறார்கள், சரி, போகட்டும்.

உங்கள் மகளைச் சேர்ப்பதானால், ஆட்டம் வசந்த காலத்தில்தான், ஆனால் பெயர் கொடுப்பது குளிரிலேயே முடிந்துவிடும், கவுண்டியின் இணையப் பக்கத்தை இப்போதே பாருங்கள். கண்ணுக்குக் கம்பி கண்ணாடி, வாய்க்கு மவுத் கார்டு இரண்டும் கட்டாயம், இவற்றைப் புதிதாக வாங்குங்கள். மட்டை பழையது போதும், பெரிய பெண்கள் விற்றுக்கொண்டே இருப்பார்கள். ஊருக்கு ஊர் கூட்டிப்போகும் கிளப் அணிகளில் முதல் வருடமே சேர்க்காதீர்கள், பர்ஸ் காலியாகும். பயிற்சியாளர் யார் என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.