கேரம் போர்டு கேக்: கோடு கலையாமல் வர என்ன செய்வது?

கேள்வி: மகன் பிறந்தநாளுக்கு கேரம் போர்டு கேக் செய்யப்போகிறேன். சென்ற முறை ஃபாண்டன்ட்டில் (கேக்கை மூடும் சர்க்கரைப் பிசைவு) வரைந்த கோடுகள் கலங்கிவிட்டன, காய்கள் பிசுபிசுத்தன. சென்னை வெயிலில் இது சரியாக வருமா?

பதில்: தாராளமாக வரும். கோடு கலங்கியதற்குக் காரணம் வெயிலைவிட ஈரம்தான். க்ரீம் தடவிய கேக்கின் மேல் ஃபாண்டன்ட் வைத்தால் க்ரீமின் ஈரத்தை அது உறிஞ்சும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் குளிர்ந்த பரப்பில் நீர் கோத்து, சர்க்கரை கரைந்து, மையும் ஓடும். அதனால் க்ரீமை விட்டு கனாஷுக்கு (சாக்லேட்டை க்ரீமோடு உருக்கிக் கலந்த பூச்சு) மாறுங்கள். 450 கிராம் டார்க் சாக்லேட்டுக்கு 225 கிராம் ஃப்ரெஷ் க்ரீம் போதும்.

25 செ.மீ. சதுர டின்னுக்கு மைதா, வெண்ணெய், சர்க்கரை தலா 400 கிராம், 8 முட்டை, 4 டீஸ்பூன் பேக்கிங் பவுடர். 160 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆறியபின் குறுக்கே இரண்டு அடுக்காக வெட்டி, நடுவிலும் மேலேயும் பக்கங்களிலும் கனாஷ் பூசுங்கள்.

அசல் போர்டின் ஆடுபரப்பு 74 செ.மீ.; உங்களுடையது அதில் மூன்றில் ஒன்று. அதே விகிதத்தில் காய் 1.1, ஸ்ட்ரைக்கர் 1.4, பாக்கெட் 1.5, நடுவட்டம் 5.7 செ.மீ. விட்டம். ஸ்ட்ரைக்கரை வைத்து அடிக்கும் பேஸ் கோட்டின் நீளம் 16 செ.மீ., ஓரத்திலிருந்து 3.4 செ.மீ. தள்ளி. காய் பெரிதாகத் தெரியட்டும் என்று அதை மட்டும் கூட்டாதீர்கள். கூட்டினால் 19 காய்களும் வட்டத்துக்குள் அடங்காது.

காய்களை மூன்று நாள் முன்பே செய்துவிடுங்கள். 100 கிராம் ஃபாண்டன்ட்டுக்கு கால் டீஸ்பூன் சி.எம்.சி. பவுடர் (ஃபாண்டன்ட்டை விறைப்பாக்கும் தூள்) சேர்த்துப் பிசைந்து, 3 மி.மீ. கனத்தில் வெட்டி, ஃபேன் காற்றில் உலர்த்துங்கள். வெள்ளை ஃபாண்டன்ட்டைக் கறுப்பாக்க நிறைய ஜெல் கலர் தேவைப்படும், அதனாலேயே அது ஒட்டும். கறுப்பாகவே கிடைப்பதை வாங்குவது நல்லது.

முந்தைய நாள், அதே பவுடர் சேர்த்த 500 கிராம் இளம்பழுப்பு ஃபாண்டன்ட்டை 4 மி.மீ. கனத்தில் விரித்து, 25 செ.மீ. சதுரமாக வெட்டுங்கள். ஈரம் இருக்கும்போதே நான்கு மூலையிலும் பாக்கெட் ஓட்டை போட்டுவிடுங்கள். கேக்கைக் குடைய வேண்டாம்; அடியிலுள்ள கனாஷே இருட்டுக் குழியாகத் தெரியும். பட்டர் பேப்பர் போட்ட அட்டையில் இரவு முழுக்க உலரவிட்டு, மறுநாள் எடிபிள் பேனாவால் (சாப்பிடக்கூடிய மை உள்ளது) கோடு போடுங்கள். ஸ்கேலை அழுத்தாமல் பிடியுங்கள், தடம் விழும். பிறகு தூக்காமல், அட்டையிலிருந்து கேக் மேல் நழுவவிடுங்கள். தூக்கினால் நடுவில் விரிசல் விடும்.

போர்டின் சுற்றுச் சட்டத்துக்கு 400 கிராம் காம்பவுண்ட் சாக்லேட்டை உருக்கிப் பட்டைகளாக உறையவைத்து, பரப்பைவிட 7 மி.மீ. உயரமாக நிற்கும்படி கனாஷால் ஒட்டுங்கள்.

காய்களைப் பரிமாறும் இடத்தில் அடுக்குங்கள். நடுவில் ரெட், சுற்றிலும் வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி. ரெட்டின் சாயம் எளிதில் ஒட்டும் என்பதால் அதைக் கடைசியாக வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தே ஆகவேண்டும் என்றால் அட்டைப்பெட்டியில் மூடி வையுங்கள். வெளியே எடுத்தபின் இரண்டு மணி நேரம் பெட்டியைத் திறக்காதீர்கள்.