கண்ணால் பார்க்காதவனை நம்புவது

அன்புள்ள மேடம்,

எம்.பி.ஏ. முடித்து முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க ரயில் கம்பெனிகளின் நிர்வாக ஆவணங்களை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் நெறியாளர். இணையத்தில் சில ஆண்டறிக்கைகளைப் புரட்டினேன். டன், மைல், டாலர். உயிரற்ற காகிதம். முதலாளிகள் எழுதிவைத்ததில் மனிதர்கள் எங்கே இருக்கப்போகிறார்கள்? மெக்கல்லம் என்பவர் வரைந்த படத்திலிருந்துதான் நம் ஆபீஸ்களின் அதிகாரப் படிக்கட்டு வந்தது என்கிறார்களே, சரியா? இந்தத் தலைப்பை வைத்துக்கொள்ளலாமா? எல்லாவற்றையும் வாசிக்காமல் சாரத்தை மட்டும் தெரிந்துகொள்ள வழி உண்டா?

வி.

அன்புள்ள வி.,

சாரம் வேண்டுமாம். யாராவது புளி கரைத்து, சக்கையைப் பிழிந்து, வடிகட்டி டம்ளரில் நீட்ட வேண்டும். நீங்கள் குடித்துவிட்டு டாக்டர் ஆகிவிட வேண்டும். அந்த ஒரு வரிக்காகவே உங்கள் கடிதத்தை மூடியிருப்பேன். ஆனால் ‘உயிரற்ற காகிதம்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். போன வாரம்தான் பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்கத் தரையில் உட்கார்ந்திருந்தேன். அதனால் பதில்.

ஆண்டறிக்கை கல்யாண ஆல்பம் மாதிரி. பங்குதாரர்களுக்குக் காட்ட எடுத்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். அடுப்படிக்குப் போனால்தான் வீடு தெரியும். அந்தக் கம்பெனிகளின் அடுப்படி, கடிதப் பிரதிப் புத்தகம். அனுப்பப்போகும் கடிதத்தை ஈரப்படுத்திய மெல்லிய தாளோடு சேர்த்து இரும்பு அழுத்தியில் திருகுவார்கள். எழுத்து இடவலம் மாறிப் பதியும். தாள் அத்தனை மெலிசு, மறுபக்கத்திலிருந்து பார்த்தால் நேராக வாசிக்கலாம். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது சிகாகோ நியூபெரி நூலகத்தில் இதைத் தொட்டுப் பார்த்தேன். இல்லினாய் சென்ட்ரல், பர்லிங்டன் கம்பெனிகளின் காகிதங்கள் அங்கேதான் இருக்கின்றன. பாதிப் பக்கங்களில் மை பரவிப் புகையாகிவிட்டது. மீதிப் பாதியில் ஒருவர் இன்னொருவரிடம் விளக்கம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

ஏன் கேட்கிறார்? பயம். 1841 அக்டோபர் 5. மாசசூசெட்ஸில் வெஸ்டர்ன் ரயில்ரோடு, ஒற்றைப் பாதை. இரண்டு பயணிகள் ரயில்கள் நேருக்கு நேர் மோதின. ஒரு கண்டக்டரும் ஒரு பயணியும் செத்தார்கள், 17 பேருக்குக் காயம். தந்தி வராத காலம். எதிர் ரயில் எங்கே இருக்கிறது என்பது கடவுளுக்குத்தான் தெரியும். அந்த விபத்துக்குப் பிறகுதான், எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு, யார் யாருக்கு எழுத வேண்டும் என்று கம்பெனி உட்கார்ந்து எழுதியது. நீங்கள் எம்.பி.ஏ.வில் நிர்வாக அமைப்பு என்று கட்டம் கட்டமாகப் படித்தீர்களே, அதன் அடியில் இரண்டு பிணங்கள் கிடக்கின்றன.

இன்னொன்று கேளுங்கள். 1851. நியூயார்க்கின் எரி (Erie) ரயில்ரோடின் சூப்பரிண்டெண்டென்ட் சார்லஸ் மினோட், மேற்கே போகும் ரயிலில் வருகிறார். டர்னர் என்ற இடத்தில் எதிர் ரயிலுக்காக நிற்கிறார்கள். அது வரவில்லை. மினோட் 14 மைல் தள்ளியிருக்கும் கோஷனுக்குத் தந்தி அடிக்கிறார்: அந்த வண்டி வந்ததா? வரவில்லை. வந்தால் பிடித்து நிறுத்து. பிறகு தன் ஓட்டுநருக்கு ‘புறப்படு’ என்று எழுதிக் கொடுக்கிறார். ஓட்டுநர் ஐசக் லூயிஸ் மாட்டேன் என்றுவிட்டார். கம்பியில் வந்த டிக்டிக்கை நம்பி எதிர் ரயிலின் வாயில் போய் விழ நான் என்ன முட்டாளா? மினோட் தானே எஞ்சினில் ஏறி ஓட்டினார். லூயிஸ் போய் கடைசிப் பெட்டியில், கடைசி இருக்கையில் உட்கார்ந்துகொண்டாராம். மோதினால் அங்கேதான் பிழைக்கலாம் என்று கணக்கு.

இதைப் படித்து எல்லோரும் லூயிஸைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியப்பா மீட்டர்கேஜ் ஒற்றைப் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் மாஸ்டராக இருந்தார். அடுத்த ஸ்டேஷன்காரரிடம் லைன் கிளியர், அதாவது பாதை காலி என்ற உறுதி, வாங்கி, அதற்கு அடையாளமான டோக்கன் பந்தைப் பையில் போட்டு வளையத்தோடு ஓட்டுநரிடம் நீட்டுவார். அடுத்த ஸ்டேஷன்காரரை அவர் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான். “கண்ணால பார்க்காதவனை நம்பறதுதாண்டி எங்க உத்தியோகம்” என்பார். சாப்பிடும்போது சொல்வார். கை அப்படியே நின்றுவிடும்.

எந்தப் பெரிய கம்பெனியின் சிக்கலும் இந்த ஒரு வாக்கியம்தான். மினோட்டுக்குப் பின் 1854இல் எரியின் சூப்பரிண்டெண்டென்ட் ஆன டேனியல் மெக்கல்லம் இதையேதான் தன் அறிக்கையில் எழுதினார். 50 மைல் பாதை என்றால் சூப்பரிண்டெண்டென்டே நேரில் பார்த்துக்கொள்வார், ஒவ்வொரு ஆளையும் முகம் தெரியும். 500 மைல் என்றால்? முகத்துக்குப் பதிலாகத் தாள்தான். மணிக்கொரு தந்தி: வண்டி எங்கே, தாமதம் என்றால் காரணம் என்ன.

இப்போது உங்கள் படிக்கட்டு. அந்தப் படத்தைப் பார்க்காமலேயே பேசுகிறீர்கள். 1855இல் வரைந்தது, லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இணையதளத்திலேயே இருக்கிறது, போய்ப் பாருங்கள். படிக்கட்டும் இல்லை, பிரமிடும் இல்லை. மரம். தலைவரும் இயக்குநர்களும் உச்சியில் இல்லை, அடியில், வேரில் இருக்கிறார்கள். ஸ்டேஷன் ஆட்களும் ரயில் ஆட்களும் கிளையும் இலையுமாக மேலே. ஹென்றி பூர் என்ற பத்திரிகை ஆசிரியர் அதை அச்சடித்து ஒரு டாலருக்கு விற்றார். உங்கள் ஆபீஸில் மேனேஜர் உச்சியில் உட்கார்ந்திருந்தால் அது மெக்கல்லம் செய்த பாவமில்லை.

அதற்காக மெக்கல்லத்தை மகான் ஆக்கிவிடாதீர்கள். மனிதர் கவிதைகூட எழுதியவர். ஆனால் தண்டவாளம் பிரியும் இடத்து ஸ்விட்ச் தவறாக இருந்து எஞ்சின் தடம்புரண்டாலும் பொறுப்பு ஓட்டுநருக்கே என்று விதி போட்டார். 1854லும் 1856லும் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1857இல் அவர் வேலையை விட்டுப் போனார். வேர் இலையை நம்பவில்லை, இலை வேரை நம்பவில்லை. மனிதர்கள் எங்கே என்று கேட்டீர்களே, இங்கே.

முதலாளிகள் எழுதிவைத்ததில் தொழிலாளர் குரல் இருக்காது என்கிறீர்கள் என்றால், அது பாதி சரி. நியூபெரியில், ரயிலில் தூங்கும் பெட்டிகள் நடத்திய புல்மன் கம்பெனியின் பணியாளர் அட்டைகளைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். தலைப்பை மாற்றாதீர்கள். நெறியாளர் உங்களைவிட விவரமானவர்.

பெரியப்பாவின் பெட்டியில் ஆபீஸ் காகிதம் ஒன்றுமில்லை. ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்கென்று அவர் கோடு போட்டு வைத்திருந்த நோட்டுகள்தான். வருகை, தாமதம், காரணம் என்று மூன்று கட்டம். பால்காரர் 5.42. தாமதம் 12 நிமிடம். காரணம்: சைக்கிள் பஞ்சர். என் கல்யாண நாளும் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருகை 6.10. தாமதம் 40 நிமிடம். சீர் விஷயமாக அங்கே என்ன பேச்சு நடந்தது என்று அவருக்குத் தெரியும், அவர்தான் போய்ப் பேசி அழைத்து வந்தார். அந்த ஒரு நாளுக்கு மட்டும் காரணக் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்.