ஃபியட்டா, அம்பாசிடரா? மேல்முறையீட்டில் சாட்சியம்: கேள்வி பதில்

பாலியல் வன்முறை வழக்குகளின் மேல்முறையீடு பற்றி வந்த கேள்விகளுக்கு, குற்றவியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞராக என் பதில்கள்.

மேடம், செஷன்ஸ் கோர்ட்டில் குற்றவாளிக்குத் தண்டனை ஆகிவிட்டது. அவன் அப்பீல் போயிருக்கிறான். என் தங்கை மறுபடியும் கூண்டில் ஏற வேண்டுமா?

வேண்டாம். ஹைகோர்ட்டில் படிக்கப்படுவது வழக்குக் கட்டுதான், அதாவது கீழ்க்கோர்ட்டில் பதிவான சாட்சியமும் ஆவணங்களும். கூடுதல் சாட்சியம் எடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் அது அபூர்வம். நீதிபதிகள் சாட்சியம் முழுவதையும் தாங்களே புதிதாக அலசுவார்கள். ஆனால் உங்கள் தங்கையின் முகத்தைப் பார்த்தவர் கீழ்க்கோர்ட் நீதிபதி மட்டும்தான். குறுக்கு விசாரணையில் உங்கள் தங்கை பேச முடியாமல் நின்றதை நீதிபதி குறிப்பாக எழுதியிருந்தால், அந்த ஒரு வரி மேலே போய்ப் பேசும். சாட்சியத்தின் நகலை வாங்கிப் பாருங்கள்.

வேறு சாட்சியே இல்லை, காயமும் இல்லை. அந்தப் பெண் சொன்னது மட்டும் போதுமா அக்கா?

நம்பும்படி இருந்தால் போதும். 1996-ல் குர்மித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. பஞ்சாபில் பரீட்சை எழுதிவிட்டு வந்த பள்ளி மாணவியைக் காரில் கடத்திக்கொண்டு போனார்கள். கார் ஃபியட்டா, அம்பாசிடரா என்று அவளால் சொல்ல முடியவில்லை, கத்தவும் இல்லை என்றெல்லாம் காரணம் காட்டி விசாரணை நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. கிராமத்துப் பெண்ணுக்கு கார் மாடல் தெரிய வேண்டுமா என்ன? உச்ச நீதிமன்றம் விடுதலையை ரத்து செய்து தண்டனை கொடுத்தது.

காயம் விஷயத்தில் நாம் பட்ட அடி பெரிது. மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் நடந்த கொடுமையில், ஹைகோர்ட் கொடுத்த தண்டனையை உச்ச நீதிமன்றம் 1978-ல் ரத்து செய்தது. உடம்பில் காயம் இல்லை, அதனால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். நான்கு சட்டப் பேராசிரியர்கள் திறந்த மடல் எழுதினார்கள், பெண்கள் தெருவில் இறங்கினார்கள், 1983-ல் சட்டமே மாறியது.

புகார் கொடுக்கத் தாமதமானால் கேஸ் போய்விடுமா?

தாமதத்துக்குக் காரணம் இருந்தால் போகாது. நம் வாச்சாத்தியைப் பாருங்கள். 1992 ஜூனில் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் ஏரிப்பக்கம் கொண்டுபோகப்பட்டார்கள். சீருடை போட்டவனே செய்த பிறகு, எந்த ஸ்டேஷனுக்குப் போவது? 2011-ல் தருமபுரியில் தண்டனை. அப்பீலை விசாரித்த நீதிபதி பி.வேல்முருகன் 2023-ல் அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்தார், பிறகு அப்பீல்களைத் தள்ளுபடி செய்தார். கட்டோடு நிற்காமல் இடத்தையும் பார்த்த அந்தத் தீர்ப்பை எத்தனை தடவை படித்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

என் அண்ணன்மீது பொய்ப் புகார் என்று நம்புகிறோம். எந்த முரண்பாடு எடுபடும்?

நேரம், சட்டை நிறம் போன்றவை எடுபடாது. யார் செய்தார், என்ன நடந்தது என்ற மையமே போலீஸில் ஒன்றாகவும் கோர்ட்டில் வேறாகவும் இருந்தால் எடுபடும். ஆனால் அந்த முரணைக் குறுக்கு விசாரணையிலேயே சாட்சியிடம் காட்டிக் கேட்டிருக்க வேண்டும். அங்கே விட்டதை மேலே புதிதாகக் கிளப்புவது கஷ்டம். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்கில் சட்டம் குற்றம் நடந்ததாக அனுமானிக்கும். அதற்கும் அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிரூபிக்க வேண்டும்.

பெண் உடலுறவுக்குப் பழகியவளா என்று பார்க்கும் இருவிரல் பரிசோதனை அறிக்கையைக் காட்டி வாதாடுகிறார்கள்.

அதற்கு மதிப்பே இல்லை. அந்தப் பரிசோதனையைச் செய்வதே தவறான நடத்தை என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பை உங்கள் வக்கீலிடம் கொடுங்கள்.