சீப்பில் செதுக்கியது யாருக்காக?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஆம்ஸ்டர்டாமில் வசிக்கிறேன். தென் அமெரிக்காவில் உள்ள சுரினாம் நாட்டின் மரூன் மக்கள் செதுக்கிய மரச்சீப்பு ஒன்றைச் சந்தையில் வாங்கினேன். பின்னிக் கிடக்கும் பட்டைகள் காதலைக் குறிக்கும், பிறை ஆணைக் குறிக்கும் என்றார் விற்றவர். எல்லாக் குறிகளுக்கும் அர்த்தப் பட்டியல் கிடைக்குமா? இவை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ரகசிய எழுத்தா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பட்டியலைத் தேட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

டச்சுத் தோட்டங்களிலிருந்து காட்டுக்குத் தப்பிய அடிமைகளின் வழிவந்தவர்கள் மரூன்கள். அவர்களில் ஒரு பிரிவினரான சாரமாக்காக்களை அடக்க முடியாமல் காலனி அரசு 1762இல் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டது. 1960களில் அவர்களோடு தங்கி ஆய்வு செய்தவர்கள் மானிடவியலாளர்களான ரிச்சர்ட் பிரைஸும் சாலி பிரைஸும். கோட்டுக்குக் கோடு அர்த்தம் கேட்டவர்கள் வெளியாட்கள்தான் என்கிறார்கள் இவர்கள். செதுக்கியவர்கள் பேசியதெல்லாம் அழகைப் பற்றி. வாங்க வருகிறவர் கேட்கிறார், விற்கிறவர் சொல்கிறார். அது அவர் பிழைப்பு, நான் குறை சொல்ல மாட்டேன்.

வடிவங்களுக்குப் பெயர் உண்டு. பழைய பாணியில் மரத்தைத் துளைத்த துளைகளுக்கு ஆந்தைக்கண் என்று பெயர். அப்புறம் சுருண்ட குரங்குவால் வந்தது, அதற்குப் பிறகு ‘மரத்துக்குள் மரம்’ என்ற பின்னல். பார்க்க எப்படி இருக்கிறதோ அதுதான் பெயர், அவ்வளவே. தலைமுறைக்குத் தலைமுறை பாணி மாறியிருப்பதைப் பாருங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கைவிடாமல் காத்த ரகசியம் என்று சொன்னால், சுரினாம் காட்டில் அவர்களே கண்டுபிடித்ததெல்லாம் கணக்கில் வராமல் போய்விடும். எனக்கு அதுதான் வருத்தம்.

சரி, அப்படியானால் வெறும் அலங்காரமா? இல்லவே இல்லை. ஆண் தன் மனைவிக்கோ காதலிக்கோ செதுக்கித் தருவது இது. சீப்பு, முக்காலி, துணி வெளுக்கும் கட்டை, வயலுக்குப் படகில் போகத் துடுப்பு எல்லாமே அப்படித்தான். அவள் பதிலுக்கு அவனுக்குத் துணி தைத்து, பூவேலை செய்து கொடுப்பாள். திருவோட்டுக்காயை இரண்டாகப் பிளந்து, உட்புறத்தில் உடைந்த கண்ணாடிச் சில்லால் கோலமிடுவதும் பெண்களின் கைவேலை. காதல் என்று உங்களிடம் சொன்னவர் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் அது பட்டையின் வளைவில் எழுதி வைத்திருப்பதல்ல. ஒருவன் ஒருத்தியை நினைத்து நாள்கணக்கில் உட்கார்ந்து செதுக்கியதில் இருக்கிறது.

உங்கள் சீப்பில் பின்னல் இருக்கிறதே, அதில் ஒரு பட்டையை மட்டும் விரலால் தொடர்ந்து பாருங்கள். மேலே வரும், இன்னொன்றின் அடியில் போகும், மறுபடி மேலே வரும். ஒட்டு எதுவும் தட்டுப்படாது. முழுவதும் ஒரே பலகை.